ஏசி நதிக்கரையில் ஒரு பஞ்சாலை

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஆறு ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். கராஜ் வாசலில் ஸ்பானரோடு நிற்கும் பட்டான் முதல் டயர் உருட்டிப் போகும் பெங்காலி வரை எல்லோரும் உங்களுக்கு வெயில் தாக்கிவிட்டது என்று முடிவு கட்டி, நிழலில் உட்கார வைத்து லபன் மோர் கொடுப்பார்கள். யேசுதாசனிடம் கேட்டால் கதை வேறு. "எந்த ஆத்தக் கேக்கிய?" என்பார்.

முப்பத்தொரு வருஷமாக அந்த ஊரின் ஏசிகளைக் கழற்றி மாட்டியவர் அவர். ஆகஸ்டு, செப்டம்பரில் கடல்காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டும்போது, ஒவ்வொரு ஏசியும் அந்தக் காற்றைப் பிழிந்து, பின்பக்கக் குழாய் வழியாகச் சுவரோரம் வடித்துக்கொண்டே இருக்கும். ஷார்ஜா ஏசிகள் ஒருநாளில் வடிப்பதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் குழித்துறை ஆற்றுக்குத் தங்கச்சி முறை ஆகும் என்பது அவர் போட்ட கணக்கு. யாரும் சரிபார்த்ததில்லை. குளச்சல் கடற்கரையில் பிறந்தவர். அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர். அவர் ஃபோனில் "மூணாம் மாடியில ஏசி வெள்ளம்" என்று சொன்னதைக் கேட்டு ஒரு மதுரைக்காரர் குடும்பத்தோடு மொட்டைமாடிக்கு ஏறியதாகவும் ஒரு பேச்சு உண்டு.

அந்த வெள்ளத்தை நம்பித்தான் அவர் தன் மனைவியின் வேலையையும், அதோடு கட்டிப் போட்டிருந்த தங்கள் இரண்டு பேரின் மிச்ச வாழ்க்கையையும், ஒரு தகரச் சக்கரத்தில் ஏற்றி வைத்தார்.

விஷயம் இதுதான். அக்டோபரில் யேசுதாசனுக்கு அறுபது முடிகிறது. அறுபது தாண்டிய ஆளை அவருடைய கம்பெனி வைத்துக்கொள்வதில்லை. விசா கலாஸ், அதோடு முடிந்தது. மனைவி சுகிர்தராணி இருப்பதும் அதே விசாவின் நிழலில்தான். கல்யாணமாகி முப்பது வருஷம். அதில் இருபத்தொரு வருஷம் ஃபோனிலேயே குடித்தனம். பிள்ளைகள் பெர்லினும் ஷாஜினியும் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் அவள் ஷார்ஜாவுக்கு வந்தாள். வந்து ஒன்பது வருஷம். நாகர்கோவிலில் வரலாறு எம்.ஏ., பி.எட். படித்தவள், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் உதவியாளராக நுழைந்து, மற்ற டீச்சர்களின் வகுப்பில் பென்சில் சீவிக் கொடுத்து, வரிசை நிறுத்தி, மூக்குச் சிந்திவிட்டு, அந்த ஒன்பது வருஷத்தையும் கடத்தியிருந்தாள்.

இப்போது எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் டீச்சர் திடீரென்று கனடாவுக்கு மூட்டை கட்டிவிட்டாள். இடம் காலி. சுகிர்தராணிக்கு ஒரு வாய்ப்பு: பிரின்சிபலும் துறைத் தலைவி சப்ரீனா மேடமும் பின்னால் உட்கார்ந்து பார்க்க, நாற்பது நிமிஷம் மாதிரி வகுப்பு. தலைப்பு அவர்களே கொடுத்தது: ஆரம்பகால அமெரிக்காவில் எந்த நிலத்தில் எந்தத் தொழில், ஏன்?

"வேல கெடச்சா நான் உனக்க விசாவுல இருப்பேன். நீ எனக்க கஃபீல்," என்றார் யேசுதாசன். அரபியில் விசா கொடுக்கும் முதலாளிக்கு அப்படிப் பேர். முப்பத்தொரு வருஷத்தில் நாலு கஃபீலைப் பார்த்தவர், ஐந்தாவது வீட்டிலேயே கிடைக்கப் போகிறது என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"கெடைக்கல்லேன்னா?"

"குளச்சல்ல போயி வல பின்னலாம்."

"ஒங்களுக்கு வல பின்னத் தெரியாது."

"அதனாலதான் சொல்லுகேன் பிள்ளே, வேல கெடைக்கணும்."

சுகிர்தராணி பழைய காலண்டரின் முதுகில் அமெரிக்காவின் கிழக்குக் கரையை வரைந்து, சமையலறைச் சுவரில் ஒட்டி, எண்ணெய் தாளிக்கும் நேரத்தில்கூட ஒத்திகை பார்த்தாள். கேட்பதற்கு ஒரே ஒரு மாணவர். அந்த மாணவருக்கோ கேள்வி கேட்காமல் மூச்சுவிடத் தெரியாது.

"மேல் பக்கம் நியூ இங்கிலாந்து. மண்ணு பூரா கல்லு. குளிர்காலம் நீளம். வெளஞ்சது வயித்துக்கே காணாது. அதனால கடலுக்குப் போனாவ. காட்டு மரத்த வெட்டிக் கப்பல் செஞ்சாவ. காட் மீனப் புடிச்சு, உப்புப் போட்டு, காயவெச்சு வித்தாவ."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த யேசுதாசன் நிறுத்தினார். "கருவாடா?"

"கருவாடுதான்."

"அமெரிக்காக்காரன் கருவாடு வித்தா பணக்காரன் ஆனான்?"

"சும்மா இல்ல. பாஸ்டன்ல சட்டசபைக்குள்ள மரத்துல ஒரு காட் மீன் செஞ்சு தொங்க விட்டிருக்காவ. இன்னைக்கும் தொங்குது."

இந்த ஒரு செய்தி யேசுதாசனை மூன்று நாள் தூங்க விடவில்லை. முதல் நாள் ஒர்க்‌ஷாப்பில் சொன்னபோது அந்த மீன் கை நீளம் இருந்தது. இரண்டாம் நாள் ஆள் உயரம் வளர்ந்தது. மூன்றாம் நாள், எம்.எல்.ஏ.க்கள் எல்லாரும் அதன் வாலில் தலை இடிக்காமல் குனிந்துதான் உள்ளே போக வேண்டும் என்று ஆகிவிட்டது.

"அந்தக் கருவாட்ட யாருக்கு வித்தாவ?" என்று அன்றைக்கே, துருவியைக் கையில் வைத்தபடி கேட்டார்.

"நல்லத ஐரோப்பாவுக்கு. மட்டமானத கரும்புத் தோட்டத் தீவுகளுக்கு. அங்க உள்ள அடிமைகளுக்கு அதுதான் சாப்பாடு."

யேசுதாசன் திரும்பவும் தேங்காயைத் துருவ ஆரம்பித்தார். சுகிர்தராணி கரண்டியைக் காலண்டரில் கீழ்நோக்கி நகர்த்தினாள்.

"நடுவுல கோதும. தெக்க போவப் போவ வெயிலும் நீளம், நல்ல மண்ணு. புகையில, நெல்லு, பொறவு பருத்தி. இனி இந்தக் கோட்டப் பாருங்க. மலையில இருந்து வாற ஆறு எல்லாம், பாறை முடியித எடத்துல கீழ சாடும். கடல்ல இருந்து வாற கப்பல் அதுக்கு மேல போவாது. போவாதுன்னா?"

"சரக்க எறக்கணும்."

"எறக்கினா?"

"சுமட்டுக்காரன் வேணும். கிட்டங்கி வேணும். சாயாக்கட வேணும்."

"அப்ப அங்க ஊரு உண்டாச்சு. சாடுத வெள்ளம் சக்கரத்தச் சுத்தும். அப்ப ஆல உண்டாச்சு. நியூ இங்கிலாந்துல இப்படிச் சாடுத ஆறு ஏராளம். கல்லுமண்ணுன்னு அழுதவனுக்கு அந்தக் கல்லே சோறு போட்டுது."

யேசுதாசன் துருவலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றார். "இத நீ படத்துல காட்டினா பிள்ளைய ஒறங்கும். ஆறு வேணும். உண்மையான ஆறு. உண்மையான ஆல."

"ஷார்ஜாவுல ஆத்துக்கு எங்க போவிய?"

அவர் மேலே ஏசியைப் பார்த்துச் சிரித்தார்.

பள்ளியின் ஏசி பராமரிப்பு யேசுதாசனின் கம்பெனியிடம்தான் இருந்தது. எட்டாம் வகுப்பும் அதன் இரண்டு பக்கத்து அறைகளும் ஒரே சுவரில் இருந்தன. மூன்று அறை ஏசிகளின் தண்ணீரும் வெளிச்சுவரில் ஒரே குழாயாகச் சேர்ந்து இறங்கும். அந்தக் குழாயை ஜன்னல் வழியாக உள்ளே திருப்பினால் ஆறு தயார். அந்த யோசனை தோன்றிய நிமிஷத்தில் யேசுதாசன் அணை கட்டிய ராஜாக்களின் வரிசையில் தன்னையும் சேர்த்துக்கொண்டார்.

ஒர்க்‌ஷாப்பில் ஏசி டக்ட் தகரத்தின் வெட்டுத் துண்டுகளில் இருந்து சக்கரம் பிறந்தது. இருபத்து நாலு குட்டி வாளிகள். அச்சுக்கு, செத்துப்போன ப்ளோயர் மோட்டாரின் பேரிங். ஊதினால் சுற்றும். யேசுதாசன் சொன்னபடி பார்த்தால், அந்தப் பக்கமாக ஒரு ஈ பறந்தாலே அரை மணி நேரம் சுற்றும். சக்கரத்தில் இருந்து ரப்பர் வாரு போட்டு ஒரு சின்ன நூற்புக் கதிர். சக்கரம் சுற்றினால் கதிர் சுற்றும், பஞ்சு நூலாக முறுகும்.

கூட வேலை செய்தவன் அம்மையப்பன். பெரம்பலூர்ப் பக்கத்துக்காரன், கான்ட்ராக்டில் வந்தவன். ஏணி பிடிப்பது முதல் ஏசி காயிலைக் கழுவுவது வரை எல்லாம் அவன்தான்.

"பஞ்சு கடையில வாங்கிட்டு வரவாண்ணே?"

"அது கொட்ட எடுத்த பஞ்சுடே. புண்ணுல வெச்சுக் கெட்டுததுக்கு. எனக்குக் கொட்டையோட வேணும். கொட்டையிலதான் கதையே கெடக்கு."

அம்மையப்பன் யோசித்தான். மறுநாள் லேபர் கேம்பில் இருந்து வரும்போது தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். "எங்க வூட்டுல நாகவள்ளி கட்டிக் குடுத்துச்சு. எங்க கொல்லையில வெளஞ்ச பருத்தி. கையாலயே கொட்டை எடுத்துச்சு. ஃப்ளைட்டுக்கு நேரமாயிடுச்சுன்னு பாதிய அப்புடியே அடைச்சுடுச்சு. பத்து மாசமா காதுல குத்துது."

பிளேடால் தையலைப் பிரித்தான். கொட்டையோடு கூடிய பஞ்சு, பழைய தூக்க வாசத்தோடு மேசையில் வந்து விழுந்தது. யேசுதாசன் ஒரு கொட்டையைப் பிய்த்துப் பார்த்தார். பஞ்சு விடவில்லை. நகத்தால் சுரண்டினார். அப்போதும் விடவில்லை.

"ஒருத்தன் நாள் பூரா ஒக்காந்தா எவ்வளவு எடுப்பான்?"

"ஒரு ராத்தலுக்கே முதுகு போயிடும்ணே."

"அமெரிக்காவுலயும் அப்படித்தானாம், அடிமைய ஒக்காந்து எடுத்தாவளாம். பொறவு ஒருத்தன் மிஷின் செஞ்சான். கையால சுத்துத பெட்டி. ஒரு நாளைக்கு அம்பது ராத்தல்."

"அப்போ வேலை கொறஞ்சுடுச்சு. அந்த அடிமைங்களுக்கு நல்ல காலம்."

"நானும் ராணியிட்ட அதத்தான் கேட்டேன். கொறையல்ல மக்கா. கூடிச்சு. கொட்ட எடுக்கதுதான் அதுவர தடங்கலா இருந்துது. அது போனதும் கண்ணுல கண்ட நிலத்துல எல்லாம் பருத்தியப் போட்டானுவ. பறிக்கதுக்கு மிஷின் இல்லல்லா. எழுவது வருஷத்துல அடிமைய எண்ணிக்க அஞ்சு மடங்கு ஆச்சாம். வடக்க உள்ள ஆலைக்காரன் அந்தப் பஞ்ச வாங்கி நூத்தான். ஆறு ஒருத்தனுக்கு, வெயிலு ஒருத்தனுக்கு."

அம்மையப்பன் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அவங்களுக்குக் கான்ட்ராக்ட் எத்தன வருசம்ணே?"

"கான்ட்ராக்ட் இல்ல. பொறந்ததுல இருந்து சாவது வர. பிள்ளையளும் அவனுக்குத்தான்."

"லீவு?"

"மாஃபி. கெடையாது."

"எனக்கு இன்னும் பதினாலு மாசம்," என்றான் அம்மையப்பன். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. ஒரு பை நிறையப் பஞ்சை எடுத்து வைத்துவிட்டு, மெலிந்துபோன தலையணையைத் தைக்க ஆரம்பித்தான். ஊசியை இழுத்துக்கொண்டே, "இதையும் டீச்சரம்மாவ சொல்லச் சொல்லுங்கண்ணே. சக்கரம் சுத்துறதப் பாத்துக் கை தட்டிட்டுப் புள்ளைங்க போயிடக் கூடாது," என்றான்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்ட பிறகு இரண்டு பேரும் போய் எல்லாவற்றையும் பொருத்தினார்கள். ஏணி, பலகை, பெட்டி என்று மூன்று அறைக் கதவுகளும் சாயங்காலம் வரை திறந்தே கிடந்தன. ஈரக்காற்று மாப்பிள்ளை வீட்டார் மாதிரி உரிமையோடு உள்ளே வந்து உட்கார்ந்தது. குழாயில் இருந்து தண்ணீர் சுண்டுவிரல் கனத்துக்கு விழுந்தது. சக்கரம் கடகடவென்று சுற்றியது. அம்மையப்பன் விசிலடித்தான்.

பார்க்க வந்த சுகிர்தராணியின் கண்ணும் ஒரு நிமிஷம் மின்னியது. ஆனாலும் அவள் வரலாறு படித்தவள். "எதுக்கும் ஒரு பக்கெட்டு வெள்ளம் புடிச்சு மேல வெச்சுக்கிடுங்க."

"ஆத்துக்கு ஸ்டெப்னியா?" யேசுதாசன் நெஞ்சில் கை வைத்தார். "முப்பத்தொரு வருஷ சர்வீஸ். எனக்க ஏசிய நீ சந்தேகப்படுக."

"நாளைக்கு வாயத் தொறக்கப்படாது. கேட்டியளா?"

"நான் மனுஷனே இல்ல. நான் ஏசி மெக்கானிக்கு. எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

எல்லாம் முடிந்து கதவைச் சாத்தும்போதுதான் அந்த விபரீதம் நடந்தது. கதவுக்குக் கீழே அரை விரல் இடுக்கு. அது வழியாகக் குளிர் வெளியே போய்க்கொண்டிருந்தது. குளிர் வீணாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக யேசுதாசனால் முடியாது. கல்யாண வீட்டில் சாப்பிடும்போதே எழுந்து போய் மண்டபத்துக் கதவிடுக்கை அடைத்தவர் அவர். பையில் இருந்து ரப்பர் பட்டையை எடுத்து, அளந்து, வெட்டி, அழகாக ஒட்டினார். ஒன்றோடு விட்டாரா? மூன்று கதவுக்கும் ஒட்டினார். ஜன்னலில் குழாய் நுழைந்த ஓட்டையையும் சுற்றி நுரை அடித்து அடைத்தார். எறும்பு உள்ளே போக வேண்டுமானால் இனி பெர்மிட் வாங்க வேண்டும். "கிளாஸ்ல நாளைக்கு பிரின்சிபலுக்கு ஸ்வெட்டர் வேணும்," என்று பெருமையோடு சாவியைக் காவலாளியிடம் கொடுத்தார்.

புதன் காலை. ஏசிகள் அஞ்சு மணியில் இருந்தே ஓடிக்கொண்டிருந்தன. யேசுதாசன் சீருடையில், ஏணியோடு, கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரோரம் நின்றார். எதிர்பார்த்தபடியே யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. முன்னால் இருபத்தாறு பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் டை கட்டிய பிரின்சிபல். பக்கத்தில் சப்ரீனா மேடம். தலையில் சாம்பல் நிற முக்காடு, கையில் நோட்டு, முகத்தில் சிரிப்பு இருந்ததற்கான அடையாளமே இல்லை. லண்டனில் பிறந்து வளர்ந்தவர் என்றுதான் பள்ளியில் பேச்சு. அவர் பேசும் இங்கிலீஷில் தூசி உட்காராது.

வகுப்பு இங்கிலீஷில் நடந்தது. சுகிர்தராணி கல்லையும் மண்ணையும் பிள்ளைகள் கையில் கொடுத்து ஆரம்பித்தாள். காட் மீன் வந்தது, சப்ரீனா மேடத்தின் ஓரக்கண்ணில் படும்படி யேசுதாசனின் கைகள் தாமாக அகல விரிந்து அதன் நீளத்தைக் காட்டின, சிரிப்பு வந்தது. அருவிக்கோட்டு ஊர்கள் வந்தன. "இப்போது ஆலையை ஓட்டிப் பார்க்கலாம்," என்று, அதுவரை தண்ணீரை வெளியே விட்டிருந்த வால்வைச் சக்கரத்தின் பக்கம் திருப்பினாள்.

ஒரு சொட்டு விழுந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தார்கள். இன்னொரு சொட்டு விழுந்தது. சக்கரம் அரை அங்குலம் அசைந்து, யோசித்து, பழைய இடத்துக்கே திரும்பியது.

யேசுதாசனுக்கு நெற்றி வியர்த்தது, அந்தக் குளிரிலும். ஃபில்டர் சுத்தம். கேஸ் சரி. குழாயில் அடைப்பு இல்லை. பின்னே? கண் தானாகக் கதவின் அடியில் போய் நின்றது. கறுப்பாக, நேராக, கச்சிதமாக ஒட்டியிருந்தது ரப்பர். காலை அஞ்சு மணியில் இருந்து ஏசி அதே காற்றைத் திரும்பத் திரும்பப் பிழிந்திருக்கிறது. புதுக் காற்று வர வழியில்லை. பிழிய இனி ஈரம் எங்கே? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவனைக்கூட அவர் பார்த்திருக்கிறார். அதற்கு அளவெடுத்து ரப்பர் ஒட்டியவனைப் பார்த்ததில்லை.

"எனக்க புத்தியச் செருப்பால அடிக்கணும்," என்று அவர் வாய் தானாக முனகியது. "ராணி, கதவு... சவத்து ரப்பரு..."

சப்ரீனா மேடம் நோட்டில் ஏதோ எழுதினார்.

சுகிர்தராணி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முப்பது வருஷம் இருந்தது. பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, நடக்க வேண்டியதுதான் நடக்கிறது என்பது போன்ற குரலில் சொன்னாள்: "ஆறு வற்றிவிட்டது. அவர்களுக்கும் இப்படித்தான். கோடையில் வற்றும், பனியில் உறையும். ஆலை நிற்கும். வேலையாட்கள் சும்மா நிற்பார்கள். என்ன செய்யலாம்?"

"தண்ணீரை முன்னாடியே சேர்த்து வைத்திருக்கலாம், மிஸ்," என்றாள் முன் வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்.

"வைத்தார்கள். அணை கட்டிக் குளம் வைத்தார்கள். ஆனால் ஒரு சில ஆலைக்காரர்களுக்குத் தங்கள் ஆற்றைப் பற்றி ரொம்பப் பெருமை."

யேசுதாசன் ஏணியின் மூன்றாவது படியை ஆராய்ந்தார்.

"நல்லவேளை, நம் ஆற்றின் இன்ஜினியர் இங்கேயே நிற்கிறார். சார், ஆறு ஏன் வற்றியது?"

இருபத்தாறு தலைகள் திரும்பின. பிரின்சிபல் திரும்பினார். வாயைத் திறக்கக் கூடாது என்ற ஆணையை ஆணையிட்டவளே ரத்து செய்தால் என்ன செய்வது? யேசுதாசன் தொண்டையைக் கனைத்தார். அவருடைய இங்கிலீஷ் தொழில்பேட்டையில் நாலு மொழிக்காரர்கள் சேர்ந்து செய்தது.

"மேடம், ஐ புட் ரப்பர். டோர் ஃபுல் டைட். அவுட்சைட் ஏர், வெட். இன்சைட் ஏர், டிரை. நோ வெட் ஏர், வாட்டர் மாஃபி. மை மிஸ்டேக். வெரி குட் ரப்பர்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. "அப்போ கதவைத் திறங்க!" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

திறந்தார்கள். மூன்று அறைகளின் கதவும். செப்டம்பர் மாதத்து ஷார்ஜா, வாசலில் கட்டிப் போட்ட எருமை மாதிரி முட்டிக்கொண்டு உள்ளே வந்தது. ஜன்னல் கண்ணாடி வெளுத்தது. கண்ணாடிப் பெண்ணின் கண்ணாடியும் வெளுத்தது. பிரின்சிபல் டையைத் தளர்த்தினார்.

"ஆறு வருவதற்குள் தெற்கே போய்விட்டு வரலாம்," என்று சொல்லி சுகிர்தராணி அம்மையப்பனின் பஞ்சை ஆளுக்கொரு பிடி கொடுத்தாள். "கொட்டையை எடுங்கள்."

ஐந்து நிமிஷம் ஆனது. விரல் வலித்தது. பிடரியில் வியர்வை இறங்கியது. ஒருவன் நாலு கொட்டை எடுத்திருந்தான், அவன்தான் முதல். "மிஸ், ரொம்பச் சூடு," என்றான்.

"நிழலில் உட்கார்ந்து, ஐந்து நிமிஷம்," என்றாள் அவள். "அவர்கள் வெயிலில், விடிந்ததில் இருந்து இருட்டும் வரை. கூலி இல்லை. விட்டுப் போகவும் முடியாது." அந்த மிஷினைப் பற்றிச் சொன்னாள், வேலையைக் குறைக்க வந்தது ஆளைப் பெருக்கியதைச் சொன்னாள். அறையில் சத்தம் குறைந்தது.

கடைசி வரிசையில் ஒருவன் கை தூக்கினான். "தெற்கேயும் ஆறு விழுந்ததே மிஸ். அவங்க ஏன் ஆலை கட்டலை?"

சுகிர்தராணியின் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. "கொஞ்சம் கட்டினார்கள். ஆனால் பணம் வைத்திருந்தவன் யோசித்துப் பார்த்தான்: நிலமும் அடிமையும் வாங்கிப் பருத்தி போட்டால் அடுத்த வருஷமே லாபம். ஆலை எதற்கு? நிலம் ஒரு வழியைக் காட்டும். அதில் நடக்கலாமா என்று முடிவு செய்வது மனிதன். அதனால் எல்லாப் பழியையும் மண்ணின் மேல் போடாதீர்கள்."

அப்போது டக் என்று ஒரு சத்தம். பிறகு டக், டக். பிறகு சத்தங்களுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் போயிற்று. சக்கரம் அசைந்தது, தயங்கியது, சுற்றியது. கதிர் சுழன்றது. பெரம்பலூர்ப் பஞ்சு முறுகி, முடிச்சும் மேடுமாக, அசிங்கமான, அருமையான ஒரு நூலாக நீண்டது. பிள்ளைகள் கை தட்டக் கையைத் தூக்கினார்கள்.

"தட்டுவதற்கு முன்னால் உங்கள் கையில் இருப்பதைப் பாருங்கள்," என்றாள் சுகிர்தராணி.

பார்த்தார்கள். பிறகும் தட்டினார்கள், ஆனால் கொஞ்சம் மெதுவாக. யேசுதாசன் அம்மையப்பனுக்குச் சொல்வதற்காக அதை மனதில் குறித்து வைத்தார். "கடைசியில் ஆலைக்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. கரியும் நீராவியும் வந்ததும் ஆற்றை விட்டுத் துறைமுகத்துக்குப் போனார்கள்," என்று அவள் முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

பிள்ளைகள் போனார்கள். பிரின்சிபல் குளிர்ந்த இடம் தேடி ஓடினார். சப்ரீனா மேடம் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து, சுகிர்தராணியைத் தாண்டி, ஏணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துவிட மாட்டோமா என்று நின்ற யேசுதாசனிடம் வந்தார்.

"உங்கட புத்தியச் செருப்பால அடிக்கத் தேவல்ல," என்றார். தமிழில்.

யேசுதாசன் கையில் இருந்து ஸ்பானர் விழுந்தது.

"நான் கல்முனை, இலங்கை. லண்டன்ல படிச்சது மட்டும்தான். ரெண்டு வருஷமா இந்த ஸ்கூல்ல ஆரும் என்னோட தமிழ்ல கதைக்கல்ல; நானும் கதைக்கல்ல. அந்த ரப்பரை நீங்க வேணும் எண்டுதான் ஒட்டினீங்களோ எண்டு முதல்ல நினைச்சன். உண்மையச் சொல்லுங்க."

பொய் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒருவனுக்கு வாழ்நாளில் வராது. மீனைத் திமிங்கலம் ஆக்கிய நாக்கு அது. யேசுதாசன் மனைவியைப் பார்த்தார்.

"இல்ல மேடம். சத்தியமா மறந்துட்டேன். அவ பக்கெட்டு வைக்கச் சொன்னா. நான்தான் கேக்கல்ல. கிளாஸ் நடந்தது பூரா அவளுக்க சாமர்த்தியம்."

"அதுதான் எனக்குத் தெரியணும்," என்றார் சப்ரீனா. "சொன்னபடி நடந்தா ஆரும் படிப்பிக்கலாம். ஆறு வத்தின பிறகு முப்பது நிமிஷம் படிப்பிச்சாவே, அதைத்தான் நான் எழுதியிருக்கன்." சுகிர்தராணி பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை கையெழுத்து. எட்டாம் வகுப்பு உங்கட. ரப்பரைக் கழட்ட வேணாம்." வாசல்வரை போய்த் திரும்பினார். முகத்தில் முதல்முறையாக ஒரு கோடு நெளிந்தது. "அந்த மீன் அஞ்சடிதான்."

"அஞ்சடியா?" என்றார் யேசுதாசன், ஒரு சாவுச் செய்தியைக் கேட்டவர் போல.

மூன்று வாரம் கழித்து, இருவரும் குடியேற்ற அலுவலகத்தை ஒட்டிய டைப்பிங் சென்டரில் உட்கார்ந்திருந்தார்கள். அரபி விண்ணப்பத்தை அடித்துக்கொண்டிருந்த அஸீம் நிமிராமல், "கஃபீல் கோன் ஹை பாய்?" என்று கஃபீல் யாரென இந்தியில் கேட்டான்.

யேசுதாசன் எழுந்து நின்று, ராணியை அறிமுகப்படுத்தும் மந்திரி மாதிரி இரண்டு கையையும் நீட்டினார். "யே ஹை. பூரா கஃபீல்." அஸீம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்தான்.

காத்திருந்த நேரத்தில் யேசுதாசன் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். வரிசையாக ஏழு டைப்பிங் சென்டர். இரண்டு போட்டோக்கடை. ஜெராக்ஸ். ஒரு சாயாக்கடை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு சாயாக்கடை. கையில் காகிதக் கட்டோடு நிற்கும் உலகத்தின் சகல தேசத்தாரும். அவர் முழங்கையால் மனைவியை இடித்தார்.

"பிள்ளே, பாத்தியா? இது அந்த எடம்லா."

"எந்த எடம்?"

"கப்பலு அதுக்கு மேல போவாத எடம். சரக்க எறக்கித எடம்."

சுகிர்தராணி வெளியே பார்த்தாள். ஒவ்வொரு கடையாகப் பார்த்தாள். "ஒரு ஆலதான் இல்ல," என்றாள்.

"அது இருக்கட்டு," என்று சொல்லிவிட்டு யேசுதாசன் தலையைத் தூக்கி டைப்பிங் சென்டரின் ஏசியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். "இவனுக்குக் கதவுக்கு அடியில எவ்வளவு பெரிய இடுக்கு, கண்டியா?"

"கையில அந்தப் பையத் தாங்க," என்றாள் அவருடைய கஃபீல். "எதுக்குள்ள ரப்பர் இருக்குன்னு எனக்குத் தெரியும்."